மூன்றாவது கூப்பாடு

ஆங்கிலத்தில் ஒருவரை நலம் விசாரிக்கத் தெரியாத காலத்திலேயே, ஒருவரைக் கழுத்தை நெரித்துக் கொல்வதற்கு என்ன சொல் என்று எனக்குத் தெரியும். விஷம் வைப்பது, தண்ணீரில் அமுக்குவது, மாடியிலிருந்து தள்ளிவிட்டு விபத்து மாதிரி காட்டுவது எல்லாவற்றுக்கும் சொல் வைத்திருந்தேன். என் ஆங்கிலம் பிணங்களோடு பழகி வளர்ந்த ஆங்கிலம். அதற்கு நான் மட்டும் பொறுப்பில்லை, ஒரு மர அலமாரிக்கும் அதில் பங்கு உண்டு.

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் நான் ரைட்டர். ரைட்டர் என்றதும் எழுத்தாளர் என்று நினைத்துவிடக் கூடாது. யார் யார் வேலைக்கு வந்தார்கள், காய் எவ்வளவு எடை வந்தது, எத்தனை மூட்டை கீழே இறங்கியது என்று எழுதி வைக்கிற ஆளுக்கு மலையில் அந்தப் பெயர். மலையடிவாரத்தில் என் ஊரான ராசிங்காபுரத்தில் விடிவதற்குள் ஜீப் ஏறி, காயெடுக்கிற பெண்கள் பன்னிரண்டு பேரோடு இடிபட்டுக்கொண்டு மேலே போவேன். சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குவேன். ஜீப்பில் என் பக்கத்து இடம் எப்போதும் ஓர் அக்காவுக்கு. நாற்பது வயதிருக்கும். முதல் வளைவு தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போவார். இறங்கும்போது என் சேலைத் தலைப்பில் அவருடைய தலை எண்ணெய் வட்டமாக இருக்கும். எரிச்சலாக வரும், ஒன்றும் சொன்னதில்லை.

பெரிய முதலாளி நடமாடும்வரை என் தமிழ் போதுமானதாக இருந்தது. அவர் படுக்கையில் விழுந்த பிறகு, வெளிநாட்டில் இருக்கிற மகன் போன் வழியாகவே தோட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. "டெய்லி ரிப்போர்ட் இங்கிலீஷ்ல வாட்ஸ்அப் பண்ணுங்க. ஒரு மாசம் பாப்போம்" என்றார். அதற்குள் தேறாவிட்டால் வேலை போய்விடும். நான் தமிழ்வழியில் பி.காம். முடித்தவள். ஆங்கிலத் தாளில் மனப்பாடம் செய்து தேறியவள்.

அப்போதுதான் அந்த அலமாரியைத் திறந்தேன். என் அலுவலக அறைக்கு அடுத்தது, முன்பு ஒரு மேனேஜர் தங்கியிருந்த அறை. அவர் போய்ப் பல வருஷமாகியும், அவருடைய துப்பறியும் நாவல்கள் நாற்பதுக்கு மேல் அங்கேயே கிடந்தன. எல்லாம் ஆங்கிலம். அட்டைகளில் கத்தி, மாடிப்படி, பாதி திறந்த கதவு. ஒரு பெண் முகத்தில் கண் இருந்த இடத்தை மட்டும் கரையான் தின்றிருந்தது. புரட்டினால் ஏலக்காயும் விறகுப் புகையும் கலந்த வாடை அடித்தது.

வேறு புத்தகமாக இருந்தால் தெரியாத சொல்லைத் தாண்டிப் போயிருப்பேன். கொலைக் கதையில் தாண்ட முடியாது. எந்தச் சொல்லுக்குள் கொலைகாரன் ஒளிந்திருக்கிறானோ! அதனால் ஒவ்வொரு சொல்லையும் போனில் தேடிப் பிடித்து, ஒரு நோட்டில் எழுதினேன். முதலில் சொல், பக்கத்தில் பொருள், அதற்குக் கீழே தோட்டத்தை வைத்து நானே ஒரு வாக்கியம். கங்காணி மரத்துக்குப் பின்னால் பதுங்குகிறார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஜீப் டிரைவரிடம் ஆலிபி, அதாவது வேறிடத்தில் இருந்ததற்குச் சாட்சி, இல்லை. அந்தப் பாவப்பட்ட டிரைவர் ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தூங்குகிறவர்.

நான் அனுப்பிய முதல் ரிப்போர்ட்டைச் சின்ன முதலாளி இன்னும் வைத்திருக்கிறாரோ என்னவோ. நேற்று மழை, வழியில் ஒரு மரத்தின் சடலம் கண்டெடுக்கப்பட்டது, காற்றின் மீது சந்தேகம் என்று எழுதியிருந்தேன். அவர் சிரிக்கிற முகம் நாலைந்து அனுப்பினார். ஒரு மாதம் கழிந்தது. என்னை வரவேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆனால் அந்தப் புத்தகங்கள் சொல்லை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. நான் மனிதர்களின் செருப்பைப் பார்க்க ஆரம்பித்தேன். யார் எந்தப் பக்கமிருந்து வருகிறார்கள், யார் பேச்சை நடுவில் நிறுத்துகிறார்கள் என்று கவனித்தேன். மத்தியானத்துக்கு மேல் மூட்டம் இறங்கும்போது, நேற்றுவரை வெறும் தட்டைகளாக நின்ற ஏலச் செடிகளுக்குள் யாரோ குனிந்து நடப்பது போல இருக்கும். எழுந்துபோய்ப் பார்த்தால் இலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும்.

அந்த மூட்டத்தை மலையில் மலையாளத்துச் சொல்லால் 'கோட' என்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஜீப்பில் வைத்து எனக்குப் பாடம் எடுத்துவிட்டார்கள். யாராவது கூப்பிட்டால் 'ஏன்' என்று பதில் குரல் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

"கோட எறங்கின பெறகு யாரு கூப்பிட்டாலும் ஒடனே ஏன்னு கேட்றாதீக, ரைட்டரம்மா. மனுசக் கொரலுன்னா மூணு தடவ கூப்பிடும். அதுக்கு ரெண்டுக்கு மேல வராது."

"அதுன்னா எது?"

மற்றவர்கள் வெளியே பார்க்க ஆரம்பித்தார்கள். என் தோளில் தூங்கிக்கொண்டிருந்த அக்கா மட்டும் கண்ணைத் திறக்காமலே, "தெரிஞ்சவுக கொரலுலயே கூப்பிடும். ஏன்னு கேட்டுட்டா கூடவே வந்துரும்" என்றார்.

இதனால் எங்கள் ஜீப்பில் யாரும் யாரையும் ஒரு தடவை கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சோற்றுக்குக் கூப்பிட்டாலும் மூன்று தடவை, எடை போடக் கூப்பிட்டாலும் மூன்று தடவை. எனக்குச் சிரிப்பாக இருந்தது. என் துப்பறிவாளர்கள் இங்கே வந்தால் இரண்டே பக்கத்தில் இந்தக் கட்டுக்கதையை உடைத்துப் போட்டுவிடுவார்கள் என்று நினைத்துக்கொள்வேன். படித்தவள் என்கிற திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு.

அது ஐப்பசி மாதம், காயெடுப்பு மும்முரம். மத்தியானச் சாப்பாடு முடிந்து பெண்கள் எல்லோரும் கீழ்க்காட்டுக்குப் போய்விட்டார்கள். நான் என் மேசையில் புத்தகத்தை விரித்தேன். முற்றத்துக்கு எதிரே ஸ்டோர், அதாவது காயை உலர்த்துகிற கட்டடம். அதன் அடுப்புக்கு விறகு தள்ளுகிற அண்ணன் அங்கே உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர், ஒரு நாளைக்கு ஐந்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். எங்கள் இருவரையும் தவிர அங்கே வேறு ஆள் இல்லை. கோட இறங்கி, என் தலைக்கு மேலே பல்பைப் போட வேண்டியதாயிற்று. ஜன்னலில் முற்றம் மறைந்து, அடுப்பு வாயின் சிவப்பு மட்டும் தெரிந்தது.

கதையில் ஒரு துறைமுக ஊர். அங்கேயும் மூட்டம். தனியாக இருக்கிற ஒருவனின் ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல் கேட்கிறது. அந்தக் குரலுக்கு 'மஃபிள்ட்' என்று போட்டிருந்தது. அந்தச் சொல்லை நோட்டில் எழுதிவிட்டுப் பொருள் தேடப் போனை எடுத்தேன்.

"ரைட்டரம்மா..."

தலையைத் தூக்கினேன். ஜன்னலில் வெள்ளையைத் தவிர ஒன்றுமில்லை. கதைக்குள்ளிருந்து வந்ததோ என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் கதையில் எவன் என்னை ரைட்டரம்மா என்று கூப்பிடப் போகிறான்?

"ரைட்டரம்மா..."

இரண்டாவது கொஞ்சம் நீண்டு இழுத்தது. தெரிந்த குரல். ஸ்டோர் கட்டடத்துக்குப் பின்பக்கமிருந்து வந்தது.  நான் எழுந்திருக்கவில்லை. என்ன செய்தேன் என்று கேட்டால் ஒன்றைத்தான் சொல்ல முடியும். மூன்றாவதுக்காகக் காத்திருந்தேன். நாற்பது துப்பறியும் நாவல்களில் பாதியைப் படித்து முடித்த நான், பேனாவை மூடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூன்றாவது கூப்பாட்டுக்குக் காத்திருந்தேன்.

அது வரவில்லை. வரவில்லை என்று உறுதியானதும் எனக்கு ஏற்பட்டது நிம்மதி. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் நிம்மதிதான். போனைப் பார்த்தேன். மஃபிள்ட் என்றால் எதையோ வைத்துப் பொத்தியதுபோல் மங்கிக் கேட்கிற சத்தம். எழுதிக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

நாலு மணிக்கு எடை போட்டபோது ஓர் ஆள் குறைந்தது. என் தோளில் தூங்கி வருகிற அக்கா. கீழ்க்காட்டில் இல்லை. சாப்பிட்ட இடத்தில் தூக்குவாளி மூடியை விட்டுவிட்டேன், வெரசா எடுத்துட்டு வர்றேன் என்று பாதி வழியில் திரும்பினாராம். மேலேயே ஏதோ சோலி பார்க்கிறார் என்று மற்றவர்கள் இருந்துவிட்டார்கள். சாப்பிட்ட இடம் ஸ்டோருக்குப் பின்னால் இருக்கிற குழாயடி. அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் ஓட ஆரம்பித்தேன்.

குழாயடிக்கு அந்தப் பக்கம் கல் அடுக்கிய கட்டு, ஓர் ஆள் உயரம். அதன் கீழே ஓடையில், ஏலத் தட்டைகளுக்கு நடுவே கிடந்தார். கண் திறந்திருந்தது, உதடு நீலமாகியிருந்தது. முழங்காலுக்குக் கீழே தோல் தெரியாதபடி அட்டைப்பூச்சிகள். வலது கையில் தூக்குவாளி மூடியை இறுக்கிப் பிடித்திருந்தார். தூக்கும்போது அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

ஜீப் இறங்கிய பதினேழு வளைவுக்கும் அவர் தலை என் மடியில் இருந்தது. அன்றைக்குத் தூங்கிவிடக் கூடாது என்று நான் கன்னத்தைத் தட்டிக்கொண்டே வந்தேன். உதடு அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் வரவில்லை. போடி தெரிய ஆரம்பித்தபோது, செத்துப் போய்விடாதே, செத்துப் போய்விடாதே என்று என் வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் காலில் இரண்டு இடம், விலாவில் இரண்டு எலும்பு என்றார்கள். இன்னும் ஒரு மணி நேரம் அந்த ஈரத்தில் கிடந்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார்கள்.

மறுநாள் காலை நான் ஒரு காரியம் செய்தேன். புத்தகங்களில் துப்பறிவாளர்கள் செய்வது. என் நாற்காலியிலிருந்து அந்தக் கல்கட்டு வரை அடி வைத்து எண்ணினேன். நாற்பத்திரண்டு அடி.

சின்ன முதலாளியின் குரல்பதிவு வந்தது. ஸ்டோர் பக்கத்தில் மூன்று மணி நேரம் ஒரு பெண் கிடந்திருக்கிறார், யாருக்குமே கேட்கவில்லையா, விசாரித்து முழுசாக எழுதுங்கள் என்றார். ஸ்டோர் அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"கேட்டுச்சு. ரெண்டு தடவ. மூணாவது வரல. அதான் போகல."

எழுத உட்கார்ந்தேன். அவ்வளவு சரளமாக அதற்கு முன் நான் ஆங்கிலம் எழுதியதில்லை. பாதிக்கப்பட்ட பெண், அலறல், சாட்சி, தெரிந்தே மௌனம் காத்தார், எல்லாச் சொல்லும் நோட்டிலிருந்து எழுந்து வந்து வரிசையில் நின்றன. எத்தனை மணிக்கு, எத்தனை அடி தூரத்தில், எத்தனை தடவை என்று எழுதினேன். மூன்றாவது கூப்பாடு பற்றி எழுதவில்லை. அதை எழுத எனக்கு வெட்கம். அன்றைக்கு அங்கே இரண்டு பேர் இருந்தோம் என்றும் எழுதவில்லை. படித்துப் பார்த்தேன். ஒரு கதையின் கடைசி அத்தியாயம் மாதிரியே இருந்தது, எனக்கே திருப்தியாக இருந்தது. அனுப்பிவிட்டேன்.

சாயங்காலம் பதில் வந்தது. முதல் வரியில், உங்கள் இங்கிலீஷ் ரொம்ப முன்னேறிவிட்டது என்றிருந்தது. இரண்டாவது வரியில், அந்த ஆளைத் திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றிருந்தது.

சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. அடுப்பில் கிடந்த விறகை உள்ளே தள்ளி, கதவைச் சாத்தினார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து உதறி மாட்டிக்கொண்டார். முற்றத்தில் பாதி தூரம் போனவர் திரும்பி வந்து என் ஜன்னலுக்கு வெளியே நின்றார்.

"முதத் தடவைக்கு நீங்க தலையத் தூக்குனீக, ரைட்டரம்மா. ஒங்க தலைக்கு மேல பல்பு எரிஞ்சுச்சு. ரெண்டாவதுக்கும் அப்படியேதான் இருந்தீக. நீங்களே எந்திரிக்கல, அப்ப அது மனுசக் கொரல் இல்லன்னு நானும் இருந்துட்டேன்."

நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

"நான் யார்ட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் படித்ததில் இரண்டு கதைகளில், கதை சொல்கிறவனே கொலைகாரன். முதல் தடவை படித்தபோது ஏமாற்றிவிட்டானே என்று ஆத்திரப்பட்டுப் புத்தகத்தை வீசினேன். இப்போது என் போனில் இருந்த ரிப்போர்ட்டைத் திரும்பப் படித்தேன். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதியிருக்கிறாள் பார் என்று தோன்றியது. என்னைக் கண்டால் எனக்கே பிடிக்கவில்லை. ஸ்டோர் அண்ணன் அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒரு படித்த பெண் உட்கார்ந்திருப்பதை நம்பினார். அந்த அக்காவும் ஸ்டோரைக் கூப்பிடவில்லை, என்னைத்தான் கூப்பிட்டார்.

அங்கேயே உட்கார்ந்து இரண்டாவது ரிப்போர்ட்டை எழுதினேன். அதற்கு நோட்டைத் திறக்கவில்லை. எனக்கும் கேட்டது. அக்கா என் பெயரைச் சொல்லாமல் என் வேலையைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் போகவில்லை. ஸ்டோர் அண்ணன் என்னைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். நான் பயத்தால் போகவில்லை. எல்லாம் ஆறாம் வகுப்புச் சொற்கள். குரலைப் பற்றி எழுதும்போது மட்டும் மஃபிள்ட் என்று போடக் கை போயிற்று. போடவில்லை. அது தெளிவாகத்தான் கேட்டது.

சின்ன முதலாளி போனில் கூப்பிட்டார்.  "நீங்க படிச்சவங்கதானே? நீங்க ஏன் போகல?" என்று கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.  கடைசியில், "சரி, ரெண்டு பேரும் இருங்க. இனிமே எல்லாருக்கும் ஆளுக்கொரு விசில் வாங்கிக் குடுங்க" என்றார். வாங்கிக் கொடுத்தேன். பெண்கள் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். இப்போது மூன்று தடவை ஊதுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜீப்பில் தூங்கியே பார்த்த முகம், விழித்திருக்கும்போது வேறாக இருந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "அக்கா, எனக்குக் கேட்டுச்சு" என்றேன்.

"கேட்டிருக்கும்னு தெரியும். ஒங்க ஜன்னல் வெளிச்சம் ஸ்டோர் ஓரமா, கீழ கெடந்து பாத்தாக்கூடத் தெரிஞ்சுச்சு."

"நான் வரல."

"நான் ரெண்டு தடவதான கூப்பிட்டேன். மூணாவது கூப்பிட மூச்சு வரல, ரைட்டரம்மா. விலாவப் பிடிச்சிருச்சு. அப்பவே நெனச்சேன், இனி யாரும் வரமாட்டாகன்னு." அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். "நானா இருந்தாலும் வந்திருக்க மாட்டேன். விடுங்க."

அவர் என்னை ஏசியிருக்கலாம். அந்தத் தட்டிக் கொடுத்தல் இன்னும் என் கையில் இருக்கிறது.

தை பிறந்தது. அக்கா வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார், மலைக்கு வர இன்னும் மாதமாகும். ஜீப்பில் என் பக்கத்து இடத்தை யாரும் பிடித்துக்கொள்ளவில்லை, சொல்லி வைத்தாற்போல் காலியாகவே விட்டார்கள். சொல்தேடும் நோட்டை நான் நிறுத்தவில்லை. மஃபிள்ட் என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் வாக்கியம் எழுதாமல் வெறுமையாகக் கிடந்தது. ஸ்டோர் அண்ணன் பழையபடி ஐந்து வார்த்தை பேசினார், அதில் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

ஒரு மத்தியானம் கோட இறங்கியது. பல்பைப் போட்டேன். புத்தகம் மூடியே இருந்தது.

"ரைட்டரம்மா..."

அதே குரல். ஸ்டோர் கட்டடத்துக்குப் பின்பக்கமிருந்து, அதே இழுப்பு. சத்தியமாக அதே குரல்.

"ஏன்? வர்றேன்!" என்று கத்தினேன். நாற்காலி பின்னால் விழுந்தது. எதிரே அடுப்படியில் அண்ணன் எழுந்து நின்றதைப் பார்த்தேன். ஓடினேன், நாற்பத்திரண்டு அடியும் ஓடினேன். குழாயிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. கல்கட்டுக்குக் கீழே குனிந்து பார்த்தேன், ஓடையில் தட்டைகள் நிமிர்ந்து நின்றன. யாருமில்லை. மறுபடி கூப்பிடுமா என்று நின்றேன். கூப்பிடவில்லை. திரும்பி நடந்தபோது பின்னால் ஈர இலையை மிதிக்கிற சத்தம் என் அடிக்கு ஓர் அடி தள்ளிக் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அறைக்கு வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். 

"அக்கா, வீட்லயா இருக்கீங்க?"

"வேற எங்க போறது? கால நீட்டிக்கிட்டு டிவி பாக்குறேன். ஏன், என்னாச்சு?"

"ஒங்க கொரல் கேட்டுச்சு. அதே எடத்துல இருந்து."

டிவி சத்தம் குறைந்தது.

"எத்தன தடவ?"

"ஒரு தடவதான்."

"ஏன்னு கேட்டுட்டீகளா?"

"கேட்டுட்டேன். ஓடிப்போயும் பாத்தேன்."

 அவர் மூச்சு விடுவது கேட்டது. விலா இன்னும் வலிக்கிறது போல, சின்னச் சின்னதாக விட்டார்.

"அன்னைக்கு ஏன்னு கேட்டிருக்கலாம்ல, ரைட்டரம்மா" என்றார்.